உழைச்செல்வானின் அறம்: வைத்தியசாலையில் மருந்தாக்குதல் பற்றிய ஒரு நோக்கு

திருக்குறளின் மருந்து அதிகாரத்து இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுத்துரைக்கின்றது. நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான் என்பன அந்நான்குமாம். உழை என்பது பக்கம் எனப் பொருள்படுமாதலின், நோயாளியின் பக்கத்திருந்து பணிபுரிவோனை இறுதிச் சொல் குறிக்கின்றது எனப் பலர் கொள்வர். பரிமேலழகரோ மருந்தைத் தவறுபடாது இயற்றுவோன் என அதற்கு உரை கண்டார். இவ்விரு பொருள்களும் ஒன்றோடொன்று முரண்படுவன அல்ல. பண்டை மருத்துவத்தில் மருந்தை இடித்தும் காய்ச்சியும் ஆக்கியவனே அதனை நோயாளிக்கு ஊட்டியும் நின்றான். அணுக்கமும் பிழையின்மையும் ஒருவனிடத்தே வேண்டப்பட்ட இரு பண்புகளாயிருந்தன.

இருபதாம் நூற்றாண்டு இவ்விரண்டினையும் பிரித்துவிட்டது. மருந்தை ஆக்குவோன் தொலைவிலுள்ள தொழிற்சாலைக்குச் சென்றான். நோயாளியின் பக்கத்தில் இருப்பவன் அதனைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுப்பவனாக மாறினான். பிழையின்மை பரிசோதனைக் கூடங்களுக்கும் சட்டங்களுக்கும் உரியதாயிற்று. இப்பிரிவினால் விளைந்த நன்மை பெரிது. ஐக்கிய அமெரிக்காவில் 1937 ஆம் ஆண்டிலே சல்பனிலமைட்டு என்னும் மருந்தை டைஎதிலீன் கிளைக்கோல் என்னும் நச்சுத் திரவத்திற் கரைத்து விற்றதனால் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். விற்பனைக்கு வருமுன் அதன் நச்சுத்தன்மையைச் சோதித்தல் வேண்டும் என்ற கட்டாயம் அந்நாளில் இருக்கவில்லை. அடுத்த ஆண்டிற் பிறந்த சட்டம் அக்கட்டாயத்தை விதித்தது. இன்று உலகெங்கும் நிலவும் மருந்துப் பதிவுமுறைகள் பலவும் இத்தகைய மரணங்களின்மீது எழுப்பப்பட்டவையே.

எனினும் வைத்தியசாலைகளின் மருந்தகங்களில் மருந்தாக்கும் தொழில் முற்றாக மறைந்துவிடவில்லை; மறையவும் இயலாது. ஒரு மருந்துக்குப் பதிவு பெற்ற வடிவம் சந்தையில் இருக்கும்போது, வைத்தியசாலை அதனைத் தானே ஆக்குதல் அறமாகுமா? ஆகுமெனின், எந்நிபந்தனைகளின்கீழ்? தொழில்நுட்ப வினாப்போலத் தோன்றினும் இது அடிப்படையில் ஓர் அறவியல் வினாவே. காணப்படாத பலரைக் காக்கும் விதிக்கும், கண்முன்னே கிடக்கும் ஒருவரின் தேவைக்கும் இடையே எழும் முரண்பாடு இதன்கண் தெளிவாகப் புலப்படுகின்றது.

முதலிற் கருதவேண்டியது, தொழிற்சாலையால் என்றுமே நிறைவு செய்ய முடியாத தேவைகள் உள்ளன என்பதாகும். குறைமாதத்திற் பிறந்து ஒரு கிலோகிராம் நிறையும் எட்டாத சிசுவுக்கு நாளத்தினூடாக ஊட்டம் செலுத்த வேண்டியுள்ளது. அதன் வெல்லம், அமினோ அமிலம், உப்புகள் ஆகியவற்றின் அளவு அன்றன்று எடுக்கப்படும் குருதிச் சோதனைக்கேற்ப மாறும். அத்தகைய கலவையை முன்கூட்டியே செய்து களஞ்சியப்படுத்த இயலாது. வளர்ந்தோருக்கெனச் செய்யப்பட்ட குளிசையைச் சிறுவரின் அளவுக்கேற்பப் பொடித்துப் பாணியாகவோ சிறு உறைகளாகவோ ஆக்குதல் உலகின் சிறுவர் வைத்தியசாலைகள் பலவற்றில் நாளாந்தப் பணியாகும். அணுமருத்துவத்திற் பயன்படும் தெக்னீசியம் 99எம் என்னும் கதிர்த்தொழிற்பாட்டுப் பொருளின் அரைவாழ்வுக்காலம் ஏறத்தாழ ஆறு மணித்தியாலம் மட்டுமே. மொலிப்தினத்திலிருந்து அதனைக் காலையிற் பிரித்தெடுத்து அன்றே பயன்படுத்த வேண்டும். இவற்றில் வைத்தியசாலையின் உரிமையை எவரும் மறுப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2001 ஆம் ஆண்டு மருந்துப் பணிப்புரையும், தனியொரு நோயாளிக்கு மருத்துவர் எழுதிய குறிப்பின்படியோ மருந்தியல் நூலின் விதிப்படியோ மருந்தகத்தில் ஆக்கப்படுவனவற்றுக்குப் பதிவிலிருந்து விலக்களிக்கின்றது.

இவ்விலக்கின் நியாயத்தை விளக்க அரிஸ்ரோட்டிலின் கருத்தொன்று துணைபுரியும். சட்டம் பொதுமையிற் பேசுவது. வாழ்க்கை தனித்தனி நிகழ்வுகளால் ஆயது. பொதுவிதி எதிர்பாராத தனிநிகழ்வொன்று நேருமிடத்து, சட்டமியற்றியவன் அங்கிருந்தால் எவ்வாறு விதித்திருப்பானோ அவ்வாறு அக்குறையை நிரப்புதலே நடுநிலை என அவர் தமது அறவியல் நூலின் ஐந்தாம் பகுதியிற் கூறுவர். மருந்துப் பதிவுச் சட்டம் மக்களைத் தீய மருந்திலிருந்து காத்தற்கு எழுந்தது. மருந்தே இன்றி அவரை மாளவிடுதற்கு எழுந்ததன்று. ஆகவே சந்தையில் இல்லாத மருந்தை வைத்தியசாலை ஆக்குவது சட்டத்தின் நோக்கத்தை நிறைவேற்றுவதேயன்றி அதனை மீறுவதாகாது.

இனி மறுபக்கத்தை நோக்குதல் வேண்டும். மருந்தகத்தில் ஆக்கப்படும் மருந்தின் இடர்ப்பாடு எளிய இடங்களிலேயே மறைந்திருக்கின்றது. இங்கிலாந்தின் மருந்துக்கடையொன்றில் 1998 ஆம் ஆண்டு சிசு ஒன்றின் வயிற்று வலிக்காகப் பெப்பமின்ற் நீர் ஆக்கப்பட்டது. மருந்துகளுள் அதனைவிட எளியதொன்றைக் காண்டல் அரிது. அதிற் சேர்க்கப்படவேண்டிய ஐதான குளோரோபோம் நீருக்குப் பதிலாகச் செறிந்த குளோரோபோம் நீர் சேர்க்கப்பட்டமையாற் சிசு இறந்தது. அங்கே தீய எண்ணம் கொண்டவர் எவருமிலர். பெயரால் ஒத்த இரு போத்தல்களே இருந்தன. ஐக்கிய அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்திற் கலவை மருந்தகம் என்ற பெயரில் இயங்கிய நிலையமொன்று 2012 ஆம் ஆண்டிலே முதுகுத்தண்டில் ஏற்றும் ஊசிமருந்தை 17,000 இற்கு மேற்பட்ட குப்பிகளில் அடைத்துப் பல மாநிலங்களுக்கு அனுப்பியது. அவற்றுட் பங்கசு கலந்திருந்தது. மூளையுறையழற்சி முதலிய நோய்களால் 750 பேர் வரையிற் பாதிக்கப்பட்டனர். அறுபதிற்கு மேற்பட்டோர் இறந்தனர். தனியொரு நோயாளிக்கு என வழங்கப்பட்ட விலக்கைத் தொழிற்சாலை அளவிற்கு விரித்து, தொழிற்சாலைக்குரிய சோதனைகளை மட்டும் ஏற்காது விட்டமையே அங்கு நேர்ந்த ஒழுக்கக்கேடாகும். விலக்கின் பெயர் எஞ்சியிருந்தது; அதன் காரணம் அழிந்துவிட்டது.

இவ்விடத்தே மருந்தாக்கத்தின் தனித்தன்மையொன்று மனங்கொள்ளத்தக்கது. ஊசிமருந்து கிருமியற்றதா என்பதை அறிய மருந்தியல் நூல்கள் விதிக்கும் சோதனைக்குப் பதினான்கு நாட்கள் வேண்டும். சிசுவுக்கான ஊட்டக்கலவையோ ஆக்கப்பட்ட ஓரிரு நாட்களிற் செலுத்தப்பட வேண்டியது. சோதனையின் முடிவு வரும்போது மருந்து சிசுவின் குருதியிற் கலந்து நாட்கள் பல கழிந்திருக்கும். மேலும், ஒரேயொரு பை மட்டும் ஆக்கப்படுமிடத்து அதனைத் திறந்து சோதித்தல் அதனை அழித்தலாகும். எனவே பொருளைச் சோதிக்க முடியாத இடத்திற் செயலையே சோதிக்கின்றனர். வடிகட்டிய காற்று வீசும் மேடையில் மருந்துக்குப் பதிலாகக் கிருமிகள் வளரத்தக்க ஊடகத்தைப் பணியாளர் வழமையான முறையில் நிரப்புவர். அதனை இளஞ்சூட்டிற் பல நாட்கள் வைத்து அது கலங்குகின்றதா எனப் பார்ப்பர். தெளிவாயிருப்பின் அக்கை நம்பத்தக்கது என்பது முடிவு.

இதன் உட்பொருள் ஆழ்ந்தது. நோயாளிக்குச் செலுத்தப்படும் அந்தக் குறிப்பிட்ட பை தூயதென எவரும் நேரடியாகக் கண்டதில்லை. அதனை ஆக்கியவர் எவரும் பார்க்காத அதிகாலை வேளையிலும் கையை முறைப்படி கழுவினார், கையுறையை மாற்றினார், ஐயம் தோன்றியபோது பையை எறிந்துவிட்டு மீண்டும் தொடங்கினார் என்ற நம்பிக்கை மட்டுமே உண்டு. நற்பண்பு என்பது மீண்டும் மீண்டும் செய்தலாற் பழகிய நிலை என்பது அறவியலாரின் பழங்கொள்கை. அக்கொள்கை மருந்தகத்தில் உவமையாக அன்றி நேர்ப்பொருளிலேயே உண்மையாகின்றது. இங்கே ஒழுக்கம் மருந்தின் ஒரு மூலப்பொருள். பரிமேலழகர் வேண்டிய பிழையின்மையை இக்காலத்து எந்திரங்களும் முற்றாகத் தம்மேல் ஏற்றுக்கொள்ளவில்லை.

வைத்தியசாலைக்கு உரிமையுண்டு, இடர்ப்பாடும் உண்டு என்பது இதுவரை கூறியவற்றாற் பெறப்படும். ஆயின் வினாவின் கடினமான பகுதி இனிமேலேயே வருகின்றது. மருந்து சந்தையில் உண்டு. ஆனால் அதன் விலை எட்டாதது. அவ்விடத்து வைத்தியசாலை என் செய்தல் வேண்டும்? நெதர்லாந்தில் நிகழ்ந்த ஒன்று இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

கீனோடீஒக்சிகோலிக் அமிலம் மனிதனின் பித்தநீரில் இயல்பாகவே உள்ள ஒரு பொருள். எழுபதுகளிற் பித்தப்பைக் கற்களைக் கரைக்கும் மருந்தாக அது பயன்பட்டது. பிறவிக்குறையால் அவ்வமிலத்தைப் போதியளவு ஆக்கவியலாத ஒரு சிலரின் உடலில் கொலஸ்ரனோல் என்னும் கொழுப்புப்பொருள் தசைநாண்களிலும் மூளையிலும் படிகின்றது. இளமையிற் கண்புரை, பின்னர் நடைத்தளர்ச்சி, இறுதியில் அறிவுமயக்கம் என அந்நோய் முற்றும். அவ்வமிலத்தை நாள்தோறும் உட்கொள்வோரில் நோய் தணிகின்றது என்பதை 1984 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நோய் மிக அரியது. நெதர்லாந்தில் இதற்குச் சிகிச்சை பெறுவோர் சில பத்துப்பேரே.

2008 ஆம் ஆண்டளவில் ஓர் உறை ஒரு யூரோவிலும் குறைந்த விலைக்குக் கிடைத்தது. உரிமையை வாங்கிய லீடியன்ற் என்னும் நிறுவனம் விலையைப் படிப்படியாக உயர்த்தியது. 2017 இல் அரிய நோய்க்குரிய மருந்தாகப் பதிவு பெற்றதும் ஓர் உறையின் விலை 140 யூரோவாயிற்று. நாளொன்றுக்கு மூன்று உறை உண்ணும் நோயாளிக்கு ஆண்டுச் செலவு 153,000 யூரோ வரையில் எழுந்தது. மருந்து மாறவில்லை, நோயும் மாறவில்லை. அம்ஸ்ரர்டாம் பல்கலைக்கழக வைத்தியசாலையின் மருந்தகம் 2018 இல் அதனைத் தன் நோயாளருக்காகத் தானே ஆக்கத் தொடங்கியது. செலவு ஏறத்தாழ 25,000 யூரோவாகக் குறைந்தது.

கதை இத்துடன் முடிந்திருப்பின் அது நல்லோர் தீயோர் கதையாக மட்டும் அமைந்திருக்கும். நிறுவனம் முறையிட்டது; அரச சுகாதாரப் பரிசோதகர்கள் வந்தனர். மருந்தகம் வாங்கிய மூலப்பொருளில் இருக்கத்தகாத மாசுகள் உள்ளன என்று கண்டனர். அதே ஆண்டு ஆக்கம் நிறுத்தப்பட்டது. கொடுத்த மருந்தும் மீளப்பெறப்பட்டது. தூய மூலப்பொருளைத் தேடிப் பெற்று 2020 ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே ஆக்கத்தை மீண்டும் தொடங்க முடிந்தது. 2021 ஆம் ஆண்டு யூலையில் நெதர்லாந்தின் போட்டிக் கட்டுப்பாட்டு அதிகாரசபை, சந்தையில் தனக்கிருந்த ஆதிக்கத்தைத் துர்ப்பிரயோகம் செய்து மிகையான விலை விதித்தமைக்காக நிறுவனத்திற்கு 1.95 கோடி யூரோவைத் தண்டமாக விதித்தது.

இந்நிகழ்விலிருந்து இரு வேறுபட்ட பாடங்களை இரு சாராரும் பெறுவர். வைத்தியசாலையின் சார்பாளர், பொதுமக்களின் வரியாலும் காப்புறுதிப் பணத்தாலும் இயங்கும் நிலையமொன்று பழைய மருந்துக்கு இத்துணைப் பெருந்தொகை கொடுப்பின் வேறு நோயாளரின் பங்கை எடுத்தே கொடுக்க வேண்டியிருக்கும் என்பர். நிறுவனத்தின் சார்பாளரோ, பதிவு பெறுதற்கு ஆவணமும் ஆய்வும் தொடர்ந்த கண்காணிப்பும் வேண்டும், அவற்றின் செலவை ஏற்றவரைத் தவிர்த்து மலிவாக ஆக்கிக்கொள்ள எவரும் அனுமதிக்கப்படின் அரிய நோய்களுக்கு மருந்து பதிவுசெய்ய எவரும் முன்வரார் என்பர். ஐரோப்பிய ஒன்றியம் அரிய நோய் மருந்துகளுக்குப் பத்தாண்டு தனியுரிமை வழங்குவதன் காரணமும் இதுவே.

இரண்டாவது வாதத்தை எளிதில் ஒதுக்கிவிடல் ஆகாது. ஒருவன் தன் செயலின் விதியை எல்லார்க்கும் பொதுவிதியாக விரும்ப முடியுமா எனக் கான்ற் கேட்கச் சொன்னார். எல்லா வைத்தியசாலைகளும் எல்லாப் புதுமருந்துகளையும் தாமே ஆக்கத் தொடங்கின், புதியதை ஆராய்பவர் அருகிவிடுவர். ஆயின் வெகுமதி என்பது செய்த செயலுக்கு ஏற்றதாக இருத்தலும் அதே நியாயத்தின் பகுதியன்றோ? அவ்வமிலத்தை நிறுவனம் கண்டுபிடிக்கவில்லை. அந்நோயில் அதன் பயனையும் மருத்துவர்கள் பல்லாண்டுக்கு முன்பே தம் நோயாளரிடத்துக் கண்டறிந்திருந்தனர். விதைத்தவன் ஒருவனாக, வேலி கட்டியவன் முழு விளைச்சலையும் கேட்பது உழவர் மன்றில் எடுபடாது. வேலிக்குரிய கூலி அவனுக்கு உரியது; அதற்குமேற் கேட்பது, மாற்று வழியற்ற நோயாளியின் இயலாமையை விலையாக்குவதாகும்.

இவ்வாறு கூறுவதால் வைத்தியசாலை முற்றாக வென்றுவிட்டதென்று கொள்ளலாகாது. மாசு கலந்த மூலப்பொருள் பற்றிய உண்மை எஞ்சி நிற்கின்றது. அதனை வெளிக்கொணர்ந்தது போட்டி நிறுவனத்தின் தன்னலமே. எனினும் தன்னலத்தின் வாயினின்று வந்தமையால் உண்மை பொய்யாகிவிடாது. மலிவு என்பது தூய்மைக் குறைவுக்குச் சமாதானமாகுமெனின், செல்வர்க்கு ஒரு தராதரம், வறியவர்க்கு மற்றொரு தராதரம் என்றாகிவிடும். நீதியின் பெயரால் தொடங்கிய முயற்சி அநீதியில் முடியும். நல்நோக்கம் தன்னைத்தானே சோதித்துக்கொள்வதில் எப்போதும் சோம்பலுடையது. தான் நல்லதென அறிந்திருத்தலே அதன் ஆபத்து.

மற்றொரு நிகழ்ச்சி இதனை வேறொரு கோணத்திலிருந்து விளக்கும். குறைமாதப் பிரசவத்தைத் தடுக்கும் எனக் கருதப்பட்ட ஓமோன் ஊசியொன்று, பொதுநிதியால் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2003 இல் வெளிவந்த பின்னர் அமெரிக்க மருந்தகங்களிற் கலக்கப்பட்டு இருபது டொலருக்கும் குறைவாக வழங்கப்பட்டு வந்தது. 2011 இல் ஒரு நிறுவனம் அதற்குப் பதிவு பெற்று ஓர் ஊசிக்கு 1,500 டொலர் விதித்தபோது நாடெங்கும் கண்டனம் எழுந்தது. மலிவான கலவையைத் தொடர்ந்து வழங்க அதிகாரிகளும் இடமளித்தனர். அறச்சினம் முழுவதும் ஒருபக்கம் நின்றது. ஆனால் பின்னர் நடந்த பெரியதோர் ஆய்வு அவ்வூசியாற் பயன் உண்டென்பதை உறுதிப்படுத்தவில்லை. 2023 இல் அதன் பதிவு திரும்பப் பெறப்பட்டது. இருபது டொலருக்கும் ஆயிரத்தைந்நூறு டொலருக்கும் இடையே நடந்த வழக்கில், மருந்து பயன்தருமா என்ற முதல்வினா போதியளவு கேட்கப்படாதிருந்தது. நியாய விலை பற்றிய விவாதம் உண்மை பற்றிய விசாரணைக்கு ஈடாகாது. தனியொரு மருந்தகத்தால் அவ்விசாரணையை நடத்தவும் இயலாது. பல்லாயிரவரை ஒப்புநோக்கும் ஆய்வு பெருநிலையங்களுக்கே உரியது.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, வைத்தியசாலையின் உரிமை சில நிபந்தனைகளோடு பிறப்பது தெளிவாகும். தேவை மெய்யானதாக இருத்தல் வேண்டும். எட்டாத விலையும் இல்லாமையின் ஒரு வகையே. மருந்தின் பயன் வேறிடத்து நிறுவப்பட்டிருத்தல் வேண்டும். ஆக்கத்தின் அளவு தன் நோயாளரின் அளவைத் தாண்டும்போது, தொழிற்சாலைக்குரிய சோதனைகளை ஏற்றல் வேண்டும். யாவற்றுக்கும் மேலாக, பிறர் வந்து பார்ப்பதற்கும், குறைகண்டால் நிறுத்துவதற்கும் ஆயத்தமாயிருத்தல் வேண்டும். இவ்வகையில், அம்ஸ்ரர்டாமின் மருந்தகம் ஆக்கத் தொடங்கிய நாளைவிட, நிறுத்தி மீண்டும் செம்மையாகத் தொடங்கிய நாளே அதன் அறத்துக்குப் பெருஞ்சான்றாகும். நிறுத்தத் தெரியாத கருணை கருணையன்று.

மருந்தின் விலையும் மக்களின் உரிமையும் பற்றிய இவ்வினா இலங்கையர்க்குப் புதியதன்று. வீட்டிலிருந்து வெறும் போத்தலைக் கழுவி எடுத்துச் சென்று, அரசினர் ஆஸ்பத்திரியிற் கலந்த மருந்தை அதில் வாங்கி வந்த தலைமுறை ஒன்று இங்கு இருந்தது. பேராதனையிற் பணியாற்றிய பேராசிரியர் சேனக பிபிலே 1971 இல் தோன்றிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் வாயிலாக நிலைநாட்ட முயன்றதும், மலிவும் தரமும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பதையே. போத்தலைக் கழுவியது நோயாளியின் பொறுப்பாயிருந்தது. உள்ளே ஊற்றப்பட்டது தூயதா என்பது மருந்து கலப்பவரின் பொறுப்பாயிருந்தது. பின்னதைச் சோதிக்க நோயாளிக்கு வழியேதும் இருக்கவில்லை. இன்றும் இல்லை.

உழைச்செல்வானை மருத்துவத்தின் நான்காம் கூறாக எண்ணியதன் பொருத்தம் இங்கே விளங்கும். பக்கத்தில் நிற்பதால் அவனுக்கு நோயாளியின் முகம் தெரிகின்றது. அதனாலே மருந்தாக்கும் உரிமை அவனுக்குப் பிறக்கின்றது. ஆயின் முகம் தெரிந்தவன் என்பதனாலேயே அளவுகோலைத் தளர்த்தும் ஆசையும் அவனுக்கே தோன்றும். முகம் தெரியாத பலருக்கு எத்துணைக் கண்டிப்போடு மருந்தாக்கப்பட வேண்டுமோ, அத்துணைக் கண்டிப்போடு முகம் தெரிந்த ஒருவனுக்கும் ஆக்குபவனே அப்பெயருக்கு உரியவன்.